காக்பிட்டில் மூன்றாவது இருக்கை

திருமங்கலத்தில் ஒரு கல்யாண வீடு. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பெண் வீட்டுச் சொந்தத்தில் ஒருவர் தனியார் விமான நிறுவனத்தில் கேப்டன். அந்த வேலையை விட்டுவிட்டு டெல்லியில் டிஜிசிஏ ஆய்வாளராகச் சேரப்போகிறார் என்ற செய்தி வட்டத்துக்குள் வந்து விழுந்தது.

"ஏன் மாமா, அவுகளுக்குக் கண்ணு கிண்ணு சரியில்லையா? ஏரோப்ளேன் ஓட்டுறத விட்டுட்டு ஆபீஸ்ல போயி உக்காரப் போறாகளாம்ல?"

"நீ வேற மாப்ள. கவர்மெண்ட் உத்தியோகம்டா. கடைசி வரைக்கும் பென்சன் வரும்ல."

ஒருவர் இரக்கப்பட்டார், இன்னொருவர் பொறாமைப்பட்டார். இருவரும் நினைத்தது தவறு. மதுரை பெருங்குடியில் விமானம் ஏறும் நம் எல்லோருடைய உயிரோடும் தொடர்புள்ள வேலை இது. அதனால்தான் அதைப் பற்றி உலவும் பேச்சுகளை இங்கே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"பறக்க முடியாதவர்கள் போய் ஒதுங்கும் இடம் அது."

பறக்கத் தெரியாதவர் அந்த வேலைக்கு விண்ணப்பமே போட முடியாது. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் என்ற டிஜிசிஏவில் பல வகை ஆய்வாளர்கள் உண்டு. விமானத்தின் பராமரிப்பைப் பார்ப்பவர் பொறியாளர். விமான நிலையத்தின் ஓடுபாதையை அளப்பவர் வேறொருவர். கேபின் பாதுகாப்பைப் பார்ப்பவர் வேறு. விமானி எப்படி ஓட்டுகிறார், அவரை நிறுவனம் எப்படிப் பழக்குகிறது என்று பார்ப்பவருக்கு ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர் என்று பெயர். கல்யாண வீட்டில் பேசப்பட்டவர் சேரப்போவது இந்த வேலையில்.

பெரிய விமானத்துக்குக் கேப்டன் ஆக ஏடிபிஎல் உரிமம் வேண்டும். அதற்கே குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆய்வாளர் வேலைக்குக் கேட்கும் அனுபவம் அதைவிட அதிகம். ஏர்பஸ் 320 ஓட்டுபவரைச் சோதிக்க, அந்த ரகத்தை ஓட்டித் தழும்பேறியவர்தான் வர முடியும்.

அவருடைய இடம் எது? காக்பிட்டில் இரண்டு விமானிகளுக்கும் பின்னால் மடித்து விரிக்கும் ஓர் இருக்கை இருக்கிறது. ஜம்ப் சீட் என்பார்கள். சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் விமானத்தில் அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையும் தொடமாட்டார், பேச்சும் மிகக் குறைவு. இறங்குவதற்கு முன் கேப்டன் துணை விமானிக்குத் திட்டத்தை விளக்குகிறாரா, வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாரா? செக்லிஸ்ட்டின் ஒவ்வொரு வரிக்கும் கை போய்ச் சரிபார்க்கிறதா? நாகமலையும் பசுமலையும் ஒரு பக்கம் நிற்க, ஓடுபாதையை நோக்கி வரும்போது வேகமும் இறங்கும் வீதமும் உரிய உயரத்துக்குள் கட்டுக்குள் வந்துவிட்டதா? மேகத்துக்குள் என்றால் 1,000 அடி, ஓடுபாதை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் 500 அடி. அதற்குள் நிலைப்படவில்லை என்றால் இறங்காமல் மேலே ஏறி, சுற்றி வர வேண்டும். அப்படிச் சுற்றி வருவதைப் பயணிகள் விமானியின் தடுமாற்றம் என்று நினைக்கிறார்கள். ஜம்ப் சீட்டில் இருப்பவர் அதை ஒழுங்கு என்று எழுதுவார். இளைய துணை விமானி "கோ-அரவுண்ட்" என்று சொன்ன கணத்தில், மூத்த கேப்டன் முகம் சுளிக்காமல் கேட்டாரா என்பதையும் அவர் கவனிப்பார். இவ்வளவையும் ஒரு பார்வையில் பிடிக்க, அந்த முன் இருக்கையில் பல்லாயிரம் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ராஜினாமா கொடுத்தார், மறுநாள் போய்ச் சேர்ந்தார்."

நடக்காது. 2017இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும்.

"கவர்மெண்ட் உத்தியோகம். ஆயுசுக்கும் கவலையில்லை."

அரைக்காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம் என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மதுரையில் தெருவுக்குத் தெரு தேர்வுப் பயிற்சி மையம் இருப்பதற்கும் அதுதான் காரணம். டிஜிசிஏவில் நிரந்தர வேலை இல்லாமல் இல்லை. விமானத்தின் தகுதியைச் சோதிக்கும் பொறியாளர்களை மத்தியத் தேர்வாணையம் வழியாக எடுக்கிறார்கள். ஆனால் விமானிகளாக இருந்து வரும் இந்த ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள், அல்லது விமான நிறுவனத்திலிருந்து சில காலத்துக்கு அனுப்பப்படுகிறவர்கள். ஒப்பந்தம் முடிந்தால் நீட்டிப்பார்கள், அல்லது நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதில் பென்சன் கிடையாது. சம்பளம் மட்டும் லட்சங்களில் உண்டு. அதுவும் இல்லாவிட்டால் ஒரு கேப்டன்கூட வரமாட்டார்.

இந்த ஏற்பாடு எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. எந்த நிறுவனத்தை ஒருவர் சோதிக்கிறாரோ, அதே நிறுவனத்திடம் ஒப்பந்தம் முடிந்த பிறகு வேலை கேட்டுப் போக வேண்டியிருக்கலாம். நேர்மையானவரையும் ஒரு கணம் யோசிக்க வைக்கும் நிலை அது. அவர்கள் வளைந்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சோதனையில் அவர்களை நிறுத்துவது அரசின் தவறு என்கிறேன்.

தகுதியான ஆய்வாளர்களைப் போதிய அளவில் வைத்துக்கொள்ளாததற்கு நாடு ஏற்கெனவே ஒரு முறை விலை கொடுத்திருக்கிறது. 2014 ஜனவரி 31 அன்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, இந்தியாவின் விமானப் பாதுகாப்புக் கண்காணிப்பை முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கியது. நம் விமானங்களைக் குறை சொல்லி அல்ல. அவற்றைக் கண்காணிக்கத் தகுதியான, பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் போதவில்லை என்பது அங்கே பெரிய காரணம். தரம் இறங்கியதும் நம் விமான நிறுவனங்கள் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாமல் போனது. கூடுதலாக 75 முழுநேர ஆய்வாளர்களை எடுக்க அரசு ஒப்புதல் கொடுத்தது அதற்குச் சில நாள் முன்புதான், அந்த ஜனவரி 20இல். இழந்த தரம் 2015 ஏப்ரலில் திரும்பக் கிடைத்தது.

பாடம் படித்தோமா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று விமானப் பாதுகாப்பு பற்றி அறிக்கை வைத்தது. டிஜிசிஏவில் ஒப்புதல் பெற்ற பணியிடங்களில் ஏறத்தாழ பாதி காலியாகக் கிடப்பதை அது சுட்டிக்காட்டியது. விமானங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. பார்க்கும் கண்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை.

"தப்பைப் பிடித்து அபராதம் போடும் போலீஸ்காரர்."

மது அருந்தி வரும் விமானிக்கு விதி கடுமையானது. மூச்சுப் பரிசோதனையில் முதல் முறை சிக்கினால் மூன்று மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை உரிமமே ரத்து. இந்தச் செய்திகள்தான் பத்திரிகையில் வருகின்றன. அதனால் ஆய்வாளர் என்றாலே ஒளிந்து நின்று பிடிப்பவர் என்ற படம் பதிந்துவிட்டது. அன்றாட வேலை இவ்வளவு பரபரப்பானதல்ல. சிமுலேட்டரில் பயிற்சி எப்படி நடக்கிறது, பயிற்சி கொடுப்பவருக்கே தகுதி இருக்கிறதா, பணிநேரப் பட்டியல் விதிப்படி போடப்பட்டதா என்று பார்ப்பதிலேயே நாள் போகும். குறைகளை முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிப்பார்கள். முதல் நிலை என்றால் தள்ளிப்போட முடியாது.

பணிநேரப் பட்டியல் என்றதும் 2025 டிசம்பர் நினைவுக்கு வரும். விமானிகளின் களைப்பைக் குறைக்க வந்த புதிய விதி, வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கியது. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரண்டாம் கட்டம் நவம்பர் 1இல் அமலானது. அதற்கேற்பப் பணிநேரப் பட்டியல் போட முடியாமல், டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. இரண்டாவது வாரம், அந்த நிறுவனத்தைக் கண்காணித்துவந்த நான்கு ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் இன்ஸ்பெக்டர்களின் ஒப்பந்தத்தை டிஜிசிஏ முடித்துவைத்தது. அவர்கள் கவனிக்கத் தவறினார்களா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கடைசி வரைக்கும் பென்சன் வரும் என்று கல்யாண வீட்டில் சொன்ன மாமாவுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

"விபத்து நடந்தால் வந்து பார்ப்பவர்கள் இவர்கள்."

விபத்தை விசாரிப்பது ஏஏஐபி என்னும் தனி அமைப்பு, 2012இல் ஏற்பட்டது. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் 260 உயிர்களைப் பறித்த ஏர் இந்தியா விபத்தையும் அதுதான் விசாரிக்கிறது. கண்காணிப்பவர்களே விசாரணையும் செய்தால் தங்கள் குறையைத் தாங்களே எழுத வேண்டிவரும் என்பதால் இந்தப் பிரிவினை. ஆய்வாளரின் வேலை விபத்துக்கு முந்தையது. அது நன்றாக நடந்தால் செய்தியாக எதுவும் மிஞ்சாது.

"இதெல்லாம் டெல்லி, மும்பை சமாச்சாரம். மதுரைக்கு என்ன வந்தது?"

மதுரை விமான நிலையத்தின் ஓடுபாதை 2,285 மீட்டர், சுமார் 7,500 அடி. அதை 12,500 அடியாக நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் கொழும்புக்கு முதல் பன்னாட்டு விமானம் கிளம்பியது. 2024 அக்டோபர் முதல் 24 மணி நேரமும் இயங்க அனுமதி வந்துவிட்டது. கொண்டாடினோம், சரிதான். இரவு இரண்டு மணிக்கு ஒரு விமானம் இங்கே இறங்கினால், அதை இறக்குபவர் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார், அது இந்த இரவில் அவருடைய எத்தனையாவது தரையிறக்கம் என்பதும் இனி நம் ஊர் விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பையையும் இறைச்சிக் கழிவையும் கொட்டக் கூடாது என்கிறது. அவனியாபுரம் வெள்ளக்கல்லில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு ஓடுபாதையைச் சுற்றிக் கண்மாய்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் கொக்கும் நாரையும் வரும். கண்மாயை யாரும் குறை சொல்ல முடியாது, அது விமான நிலையத்துக்கு நூற்றாண்டுகள் மூத்தது. குப்பையை நாம்தான் கொண்டுபோய்க் கொட்டினோம். 2009இல் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் நின்றுபோன விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தது அந்த விமானியின் திறமையாலும், கீழே ஓர் ஆறு இருந்ததாலும். நம் வைகையில் அவ்வளவு தண்ணீர் நிற்பதில்லை.

அந்தக் கல்யாணப் பந்தலில் கேப்டனும் இருந்தார். கிளம்பும்போது அவரிடம், மதுரை பக்கம் ஆய்வுக்கு வருவீர்களா என்று கேட்டேன். அனுப்பினால் வருவேன் என்றார். காலை விமானமாக இருந்தால் வெள்ளக்கல் பக்கம் பருந்து எத்தனை சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அவர் சொந்த ஊர் அவனியாபுரம்.