உம்மும்மாவுக்குப் பிறகு மாமா

சுபஹ் தொழுது முடித்ததும் எங்கள் உம்மும்மா ஒரு துஆ கேட்பார். தன் மகன் தனக்கு முன்பே மௌத்தாகிவிட வேண்டும் என்பதுதான் அது. சிறுவயதில் இதைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். அந்த மகன் எங்கள் மாமா. வயது 41; டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்தவர். உம்மும்மாவுக்கு 74. தான் கண்மூடிய பின் மாமாவுக்குச் சோறு போடுவது யார், குளிக்கச் சொல்வது யார் என்ற பயமே உம்மும்மாவை அப்படிக் கேட்க வைக்கிறது.

இந்தப் பயம் மருத்துவத்தின் வெற்றியோடு சேர்ந்து வந்தது. 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உடையோரின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடங்கள். இன்று அது 60ஐ எட்டியுள்ளது. பிள்ளை தம்மைவிட நீண்டகாலம் வாழ்வார் என்பது முன்னைய பெற்றோர் பெரும்பாலும் எதிர்கொள்ளாத பிரச்சினை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கற்றல் குறைபாடு என்றதும் சிலர் எழுத்துக்களை மாற்றி எழுதும் பிள்ளைகளை நினைப்பர். சிலர் மனநோய் என்பர். நான் கூறுவது இரண்டையுமல்ல. விளங்கிக்கொள்வதிலும் அன்றாட அலுவல்களைத் தனியே செய்வதிலும் சிறுவயது முதல் இருந்து, வாழ்நாள் முழுவதும் தொடரும் சிரமத்தையே கூறுகிறேன். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். மாமாவுக்கு நூறு ரூபாத் தாளுக்கும் ஆயிரம் ரூபாத் தாளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் முற்றத்தில் மிளகு காயும்போது மழை வரப்போவதை எங்கள் வீட்டில் முதலில் உணர்பவர் அவர்தான். நாங்கள் வானத்தைப் பார்ப்பதற்குள் மிளகைச் சாக்கோடு உள்ளே இழுத்து வந்துவிடுவார்.

இத்தகைய வளர்ந்தோருக்காகப் பிரித்தானியாவில் 'துணையுடன் வாழ்தல்' என்றொரு முறை உண்டு. இது விடுதியில் சேர்ப்பதல்ல. வீட்டின் வாடகை ஒப்பந்தம் அவருடைய பெயரில் இருக்கும். துணைக்கு வருபவர் வேறோர் அமைப்பின் ஊழியர். சிலருக்கு நாளில் ஓரிரு மணித்தியாலத் துணை போதும், சிலருக்கு இரவிலும் ஆள் தேவை. துணை சரியில்லையெனில் அந்த அமைப்பை மாற்றலாம், வீட்டை இழக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிப்புத்தான் முறையின் உயிர். விடுதியிலோ கூரையும் பராமரிப்பும் ஒரே கையில் இருக்கும். குறை சொன்னால் இரண்டும் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டும்.

பணம் மட்டும் தரத்தைத் தருவதில்லை. பிரிஸ்டல் நகருக்கு அருகே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் வைத்தியசாலை இருந்தது. கற்றல் குறைபாடுடையோரைப் பராமரிக்க ஒருவருக்கு வாரமொன்றுக்குச் சராசரியாக 3,500 பவுண் அறவிட்டார்கள். 2011இல் பிபிசி தொலைக்காட்சி மறைவாகப் பதிவுசெய்த காட்சிகள் வெளிவந்தபோது, அங்கிருந்தோரை ஊழியர்கள் அடித்ததையும் அவமானப்படுத்தியதையும் உலகம் பார்த்தது. பதினொருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அறுவர் சிறை சென்றனர்.

அப்படியானால் தரத்தை எதைக்கொண்டு அளப்பது? சுத்தமான தரையையும் ஒழுங்கான பதிவேட்டையும் பார்த்துத் திருப்தியடையலாம். நான் வேறு சிலவற்றைக் கேட்பேன். முன்கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது? எத்தனை மணிக்குத் தூங்குவது என்று யார் தீர்மானிக்கிறார்? ஊழியர் மாதத்துக்கு ஒருவராக மாறுகிறார்களா? இவற்றுக்கு விடை சரியில்லையெனில், வாடகை வீடும் சிறியதொரு விடுதிதான்.

நம் பக்கத்து நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, நீண்டகாலம் காப்பகத்தில் வாழ்ந்த மனநோயுடைய பெண்களை 2015 முதல் சாதாரண தெருக்களில் வாடகை வீடுகளில் நாலைந்து பேராகக் குடியமர்த்தியது. துணையாக ஊர்ப் பெண்கள் இருந்தனர். மனநோய் வேறு, மாமாவின் நிலை வேறு. ஆயினும் சந்தைக்குப் போவதும் சமைப்பதும் அயல்வீட்டாருடன் பழகுவதும் இருவருக்கும் பொதுவானவையே.

மாற்றுத்திறனாளிகள் எங்கே, யாருடன் வாழ்வதென்பதைத் தாமே தெரிவுசெய்யும் உரிமையை ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரை கூறுகிறது. இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எமது மாத்தளை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. பிரதேச செயலகத்துக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் மாதாந்தக் கொடுப்பனவுக்காகவே போகின்றன. 2024இல் அது 7,500 ரூபா. உதவிதான், ஆனால் துணைக்கு ஒருவரை வைக்க அது போதுமா?

இதை எழுதும்போது எங்கள் வீட்டையும் அதே கேள்விகளால் அளந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது. 41 வயதிலும் மாமா தன் சாரனைத் தானே தெரிந்து வாங்கியதில்லை. பெருநாளைக்கு என்ன நிறம் வேண்டும் என்றுகூட நாங்கள் கேட்டதில்லை. ஒருமுறை மூன்று நாட்கள் அவர் சாப்பிடவில்லை. பிடிவாதம் என்று ஏசினோம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப் பல் சொத்தை. அன்பில் குறைவில்லை, கேட்பதில்தான் குறை. சூரா நிஸாவின் 5ஆவது வசனம் தம் செல்வத்தை நிர்வகிக்க இயலாதோரைப் பற்றிப் பேசும்போது, உணவுக்கும் உடைக்கும் பக்கத்தில் நல்ல வார்த்தையையும் சேர்த்தே வைக்கிறது. நாங்கள் முதல் இரண்டோடு நின்றுவிட்டோம்.

இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். நாளை மாமாவுக்குத் துணையாக வருபவர் சாச்சியோ, நானோ, முன்பின் தெரியாத ஒருவரோ, அவர் வாசிப்பதற்கு. வலித்தால் மாமா வாய் திறந்து சொல்லமாட்டார், தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்குவார் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். இடி முழங்கும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்பதை உம்மும்மா சொல்ல எழுதினேன். சாரனுக்குப் பச்சை நிறம் என்று மாமாவே கடையில் தொட்டுக் காட்டினார். பிளேன்டீக்கு எத்தனை கரண்டி சீனி என்ற வரி மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஒன்று என்கிறார் உம்மும்மா, வைத்தியர் அப்படித்தான் சொன்னாராம். மாமா மூன்று விரலைக் காட்டுகிறார்.