சந்திரதால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், குஞ்சும் கணவாய்க்குப் பக்கத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது சந்திரதால். பிறை போல வளைந்த வடிவத்தால் வந்த பெயர். 49 ஹெக்டேர் ஈரநிலமான இது 2005இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆண்டில் பெரும்பகுதி பனி மூடியிருக்கும். பாதை திறந்திருப்பது ஏறக்குறைய ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரைதான்.

மணாலியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம், காலையில் கிளம்பினால் மாலைக்குள் கூடாரத்தில் இருக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. வண்டியைப் பொறுத்தவரை அது சரி. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பயணியின் உடல் ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். மருத்துவர்கள் சொல்லும் இந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு இடமே இல்லை. 2020இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பின் ரோதாங் கணவாயில் ஏறாமலே போக முடிவதால், ஒரே நாளில் ஏறிவிடும் இந்தத் தவறைச் செய்வது இன்னும் சுலபமாகியிருக்கிறது.

‘வந்து சேர்ந்தபோது ஒன்றும் செய்யவில்லையே’ என்பதும் ஆறுதல் ஆகாது. உயர நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே தலைகாட்டும். மதியம் கரையில் சிரித்தபடி படம் எடுத்தவருக்கு, நள்ளிரவில் கூடாரத்துக்குள் மண்டை பிளக்கும், குமட்டும், தூக்கம் வராது. வெளியே கும்மிருட்டு, பத்தல் என்ற இடம் வரை ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய 14 கிலோமீட்டர் கரடுமுரடான மலைப்பாதை, கைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. மாறாக, சிம்லா, கல்பா, தாபோ, காசா என்று ஒவ்வோர் ஊரிலும் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு, குஞ்சும் வழியாக இறங்கி வருவது சில நாட்கள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனாலும் அதுதான் சரியான திசை.

இளைஞர்களுக்கும் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் உயர நோய் வராது என்பது அடுத்த நம்பிக்கை. உடல் வலுவுக்கும் உயர நோய்க்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே ஆபத்து கூடுகிறது. அங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதும் பாதி உண்மைதான். விகிதம் எங்கும் ஏறக்குறைய 21 சதவீதம், குறைவது காற்றழுத்தம். ஏரிக்கரையில் ஒரு மூச்சில் கிடைப்பது கடலோரத்தில் கிடைப்பதில் 60 சதவீத அளவுதான். முகர்ந்துகொள்ளும் கற்பூரம் மூக்குக்கு இதமாக இருக்கும், ஆக்சிஜனைக் கூட்டாது. கையடக்க ஆக்சிஜன் குப்பி தருவதும் சில நிமிட ஆசுவாசம்தான்.

அசெட்டசோலமைடு மாத்திரை அறிகுறிகளை மூடி மறைத்துவிடும் என்று பயப்படுபவர்களும் உண்டு. உண்மையில் அது சிறுநீரகம் வழியாக பைகார்பனேட்டை வெளியேற்றி, மூச்சைத் தூண்டி, உடல் பழகுவதைத் துரிதப்படுத்துகிறது. கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரை போட்டாகிவிட்டது என்பதற்காக, உடல் பழகத் தங்கும் இரவுகளைக் குறைத்துவிட முடியாது. சந்தேகம் வந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு: ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து, நேர்கோட்டில் நடக்கச் சொல்வது. தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் கீழே இறக்க வேண்டும்.

ஜூலையில் பனி பெய்யாது என்பார்கள். 2023 ஜூலையில் ஏரிக்கருகே முகாம்களில் ஏறத்தாழ 300 பேர் பனியில் சிக்கி, சில நாள் கழித்து குஞ்சும் வழியாக மீட்கப்பட்டார்கள். வெயிலடிக்கும் நாளிலும் நிம்மதியில்லை. உச்சி வெயிலில் பனி உருகுவதால், காலையில் கணுக்கால் அளவு ஓடிய நாலா (மலையோடை) பிற்பகலில் வண்டியை நிறுத்திவிடும். அதனால்தான் இந்தத் தடத்தில் ஓட்டுநர்கள் விடிகாலையிலேயே கிளம்ப நச்சரிக்கிறார்கள். திட்டத்தில் ஓரிரு உபரி நாட்கள் இருப்பது நல்லது. எரிபொருளை மணாலியிலோ காசாவிலோ நிரப்பிக்கொள்ள வேண்டும். இடையில் பங்க் கிடையாது.

கரையிலேயே கூடாரம் போடலாம் என்ற நினைப்பைப் பழைய படங்கள் வளர்த்திருக்கின்றன. இப்போது அதற்கு அனுமதியில்லை. முகாம்கள் சில கிலோமீட்டர் முன்பே நின்றுவிடுகின்றன. வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் ஏரிக்கு நடந்தே போக வேண்டும்.

சந்திரா நதி இந்த ஏரியில்தான் பிறக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. நதியின் தோற்றம் வடக்கே, பாராலாச்சா கணவாய்ப் பக்கத்துப் பனிப்பகுதியில். ஏரியிலிருந்து வழியும் நீர் ஒரு சிற்றோடையாக இறங்கி அதில் கலக்கிறது, அவ்வளவே. பிறகு சந்திரா, தாண்டி என்ற இடத்தில் பாகா நதியோடு சேர்ந்து சந்திரபாகாவாகி, கீழே செனாப் என்று பெயர் மாறி ஓடுகிறது.