மாடி அறையில் பத்துப் பேர்

அவளுக்கு வயது 42. மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். வெளியே போகவில்லை. மாமியார் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர் வைத்தார். புற்றுநோய் ஒட்டுநோய் அல்ல. இது படித்தவர்கள் பலருக்கே தெரியவில்லை.

மருந்து ஏற்றிக்கொள்ள மறுபடி மருத்துவமனைக்குப் போனாள். முடி கொட்டத் தொடங்கியிருந்தது. "மாடி அறையில் பெண்கள் கூடிப் பேசுகிறார்கள். நீங்களும் போங்கள்" என்றார் நர்ஸ்.

அங்கே பத்துப் பேர். எல்லோருக்கும் இதே நோய். முதல் நாள் அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை பக்கத்துப் பெண் கேட்டார்.

"ரவிக்கைக்குள் என்ன வைத்திருக்கிறாய், தங்கச்சி?"

"பழந்துணி அக்கா. குனிந்தால் நழுவுகிறது."

"எனக்கு ஒருநாள் பஸ்ஸிலேயே விழுந்துவிட்டது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நோய் தெரிந்தபின் அதுதான் முதல் சிரிப்பு.

ரவிக்கைக்குள் பை தைத்துப் பஞ்சு வைக்க அந்த அக்கா கற்றுக்கொடுத்தார். இன்னொருவர் புதிதாக முளைத்த தன் முடியைக் காட்டினார். அறுவை நடந்த பக்கத்துக் கையை விரல்களால் சுவரில் மெல்ல ஏற்றிப் பழக வேண்டும் என்றார்கள். கை வீங்கினால் டாக்டரிடம் காட்டவேண்டும். பிறகு கணவனைப் பற்றிப் பேச்சு வந்தது. நோய் திரும்புமோ என்ற பயமும் வந்தது. டாக்டரிடம் கேட்கக் கூசியதை அங்கே கேட்க முடிந்தது.

அமெரிக்காவில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கும் மார்பை எடுத்தார்கள். 1952-இல் அவர் தம்மைப் போன்ற பெண்களை மருத்துவமனைகளில் போய்ப் பார்க்கத் தொடங்கினார். டாக்டர்கள் சிலர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. அவர் காட்டிய வழி பல நாடுகளுக்குப் பரவியது.

கூடிப் பேசினால் நோய் தீருமா? தீராது. நோய் முற்றிய 235 பெண்களைக் கனடாவில் ஆராய்ந்தார்கள். 2001-இல் முடிவு வெளியானது. குழுவில் சேர்ந்ததால் ஆயுள் கூடவில்லை. ஆனால் மிகவும் மனம் நொந்திருந்தவர்களுக்கு வேதனையும் வலியும் குறைந்தன. ஆகவே மருந்தை விடக்கூடாது. பேச்சையும் விடவேண்டாம்.

சிலருக்குக் கூட்டம் பிடிக்காது. ஒருவரிடம் பேசினாலும் போதும். தூக்கம் போய், வாழவே வேண்டாம் என்று தோன்றினால் 14416-க்குப் போன் செய்யலாம். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. காசு இல்லை.

அடுத்த முறை அவள் மாமியாரையும் கூட்டிப் போனாள். தனித் தட்டு பரணுக்குப் போய்விட்டது.

கூடிப் பேசுங்கள்: மாமியார் ஏன் தனித் தட்டு வைத்தார்? உங்கள் ஊரில் இப்படி நடந்ததுண்டா?