மேலே குளிரா, கீழே குளிரா?

பாய்லர் ஓடுகிறது, ரேடியேட்டர் மட்டும் சரியாகச் சுடவில்லை. பிரிட்டனில் குளிர்காலம் தொடங்கியதும் பல வீடுகளில் எழும் புகார் இது. காற்றைத் திறந்துவிடுவது, ரசாயனம் ஊற்றிக் கழுவுவது, இயந்திரத்தால் வேகமாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவும் பவர் ஃப்ளஷ் செய்வது, ரேடியேட்டரையே மாற்றுவது என்று இதற்கு நான்கு வைத்தியம் சொல்வார்கள். எது வேண்டும் என்பதை விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மேற்பகுதி குளிர்ந்து கீழே சுட்டால் உள்ளே வாயு தேங்கியிருக்கிறது. மேலே சுட்டு, கீழே நடுப்பகுதி குளிர்ந்திருந்தால் கசடு படிந்திருக்கிறது. ஒரே ஒரு ரேடியேட்டர் முழுவதும் குளிர்ந்திருந்தால், முதலில் அதன் வெப்பக் கட்டுப்பாட்டு வால்வின் ஊசி இறுகிவிட்டதா என்று பாருங்கள். அதைத் தளர்த்துவதற்குக் காசே செலவாகாது.

வாயுவை வெளியேற்றுவது எளிது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, மேல்மூலைத் திருகைச் சாவியால் மெல்லத் தளர்த்தி, தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடலாம். மூடிய அமைப்பாக இருந்தால் பிறகு அழுத்தமானியைப் பார்த்து, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை தண்ணீர் ஏற்ற வேண்டும். செலவில்லாத வேலைதானே, மாதாமாதம் இதையே செய்துகொண்டு போனால் என்ன என்று கேட்கலாம். வாயு திரும்பத் திரும்பச் சேர்கிறது என்றால், எங்கோ காற்று நுழைகிறது; அல்லது உள்ளே எஃகு அரித்து ஹைட்ரஜன் உண்டாகிறது. அது தீப்பற்றும் வாயு என்பதால் திருகின் அருகே நெருப்பு கூடாது. ஒவ்வொரு முறை ஏற்றும் புதுத் தண்ணீரும் ஆக்சிஜனைக் கொண்டுவருகிறது, அரிப்புத் தடுப்பானையும் நீர்க்கச் செய்கிறது. அரிப்பு கூடக்கூடக் கசடும் கூடும். வாயுவும் கசடும் ஒரே நோயின் இரு முகங்கள்.

கசட்டுக்கு வருவோம். வெளியே வரும் தண்ணீர் கறுப்பாக இருந்தால் அது மேக்னடைட் எனும் இரும்பு ஆக்சைடு. செம்பழுப்பாக இருந்தால் ஆக்சிஜன் இன்னமும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வழியை அடைக்காமல் கழுவுவது வீண். ஒரு ரேடியேட்டரில் மட்டும் கசடு என்றால் அதைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த் தோட்டக் குழாயால் அலசினால் போதும். பலவற்றில் என்றால் கழுவும் ரசாயனத்தை ஊற்றி, குப்பியில் சொன்ன காலம் ஓடவிட்டு, முழுவதும் வடித்து நிரப்பலாம். எடுத்த எடுப்பிலேயே பவர் ஃப்ளஷ் செய்துவிட்டால் எல்லாம் தீருமே என்பார்கள். அதற்குச் சில நூறு பவுண்டுகள் ஆகும். மேலும், பழைய ரேடியேட்டரில் நுண்துளைகளைத் துருவே அடைத்து வைத்திருந்தால், அது கழுவப்பட்டதும் ஒழுகத் தொடங்கும். 8, 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் முற்றாக அடைத்திருந்தால் அந்த இயந்திரமும் கைவிட்டுவிடலாம். அமைப்பு முழுவதும் மந்தமாகிவிட்டால், அல்லது பழைய குழாய்களில் புது பாய்லர் பொருத்தப் போகிறீர்கள் என்றால் பவர் ஃப்ளஷ் நியாயமான செலவு. அப்போது தயங்கினால் பாய்லரின் வெப்பப் பரிமாற்றியே அடைத்துக்கொள்ளலாம். அரித்து ஒழுகும் ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

காந்த வடிகட்டி ஒன்றைப் பொருத்தினால் போதாதா? அது ஓடும் துகளைப் பிடிக்கும். அடியில் இறுகியதைப் பெயர்க்காது, அரிப்பை நிறுத்தவும் செய்யாது. பிஎஸ் 7593 எனும் பிரிட்டிஷ் தரநிலையின் 2019 பதிப்பு, கழுவல், தடுப்பான், வடிகட்டி மூன்றையும் சேர்த்தே கேட்கிறது. பாய்லரின் உள்ளே கைவைக்க கேஸ் சேஃப் பதிவு பெற்ற பொறியாளரையே அழையுங்கள். இங்கிலாந்தில் வாடகை வீடு என்றால், 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது பொதுவாக வீட்டுக்காரரின் பொறுப்பு. முதலில் அவருக்கு எழுதுங்கள். சொந்த வீடு என்றால் சிறிய வைத்தியத்தில் தொடங்குங்கள். எந்த வைத்தியம் செய்தாலும், தடுப்பான் ஊற்றாமல் வேலையை முடிக்காதீர்கள்.