அரை பேண்டுக்கு ஆறு மாதம்

கிர்க்கி, புனே

அன்புள்ள வித்யாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. வாக்கட்டுக்கும் கிர்க்கிக்கும் நடுவே இருக்கிற தூரத்துக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நேரில் வந்தால் பேச்சு கால் மணியில் உன் கல்யாணத்துக்குத் தாவிவிடும், நீயும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாய். நீ அனுப்பிய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் மாக் டெஸ்ட் மார்க்கைப் பார்த்தேன். கேட்டல் 8, வாசிப்பு 7.5, பேச்சு 7, எழுத்து 6.5. அடுத்த மாதக் கடைசியில் தேதி எடுத்துவிடலாமா, அதற்குள் எஃப்.சி. ரோட்டில் முப்பது நாள் கிளாஸில் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையது, நான் தலையிடப் போவதில்லை. கணக்கை மட்டும் உன் முன்னால் வைக்கிறேன்.

நாலையும் கூட்டி வகுத்தால் 7.25 வருகிறது. ஐஇஎல்டிஎஸ் வழக்கப்படி அது 7.5 என்று மேலே ஏறும். சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ள நல்ல மார்க். ஆனால் குடியேற வருகிறவர்களுக்குப் புள்ளி போடும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி அந்த மொத்தத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு திறனையும் தனித்தனியாக எடுத்து, சி.எல்.பி. என்ற தன் அளவுகோலுக்கு மாற்றிக்கொள்கிறது. சி.எல்.பி. 9 வேண்டுமென்றால் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். நீ மூன்றில் தேறிவிட்டாய். எழுத்தில் மட்டும் சி.எல்.பி. 8-ல் நிற்கிறாய். அரை பேண்டுதானே என்று தோன்றும். எழுத்துக்கு நேராகக் கிடைக்கிற புள்ளி 31-லிருந்து 23 ஆகிறது, அதில் போவது 8. அத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். படிப்பையும் மொழியையும் சேர்த்துக் கொடுக்கும் புள்ளி, உன்னைப் போல ஒரே ஒரு டிகிரி உள்ளவர்களுக்கு, நாலிலும் சி.எல்.பி. 9 இருந்தால் 25. ஒன்றே ஒன்று குறைந்தாலும் 13. மூன்று வருடத்துக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு அதையும் மொழியையும் சேர்த்துக் கொடுப்பது 50. அங்கும் ஒன்று குறைந்தால் 25 ஆகிவிடும். 8, 12, 25. அரை பேண்டில் 45 புள்ளி போகிறது.

ஆகவே கேள்வி, எழுத்தில் 6.5-ஐ 7 ஆக்குவது முப்பது நாளில் நடக்கிற காரியமா என்பதுதான். அதற்கு விடை வேறெங்கும் தேட வேண்டாம். எழுத்துத் தாளை எப்படித் திருத்துகிறார்கள் என்பதை ஐஇஎல்டிஎஸ்காரர்களே எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு விடை சொன்னாயா, சொன்னது ஒன்றோடொன்று கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி என்று நாலு தலைப்பு, நாலுக்கும் சம மதிப்பு. இலக்கணம் நாலில் ஒரு பங்குதான். 7 வாங்குகிறவரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது, கட்டுரை முழுக்கத் தெளிவாகத் தெரியும் ஒரு நிலைப்பாடு, அதை விரித்துத் தாங்குகிற காரணங்கள். 6-க்கான வர்ணனையிலோ, இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாக வந்து விழுவது ஒரு குறையாகவே எழுதப்பட்டிருக்கிறது. முப்பது நாள் கிளாஸில் கொடுக்கும் டெம்ப்ளேட் என்பது என்ன? மனப்பாடம் செய்த முதல் வரி, மனப்பாடம் செய்த கடைசி வரி, நடுவில் 'மேலும்', 'ஆயினும்', 'முடிவாக' என்று வரிசை கட்டி நிற்கும் இணைப்புச் சொற்கள். 5 வாங்குகிறவரை 6-க்கு ஏற்ற அது உதவலாம். 6.5-ல் நிற்கிறவளை அங்கேயே கட்டிப்போடுவதும் அதுவேதான்.

ஒரு கேள்வியை எடுத்துப் பார்ப்போம். நகரத்தில் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்க வேண்டுமா என்று கட்டுரைப் பகுதியான டாஸ்க் 2-ல் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள். நாற்பது நிமிடத்தில் குறைந்தது 250 சொல். டெம்ப்ளேட்காரர், இன்றைய நவீன உலகில் இது பெரிதும் விவாதிக்கப்படும் பொருள் என்று தொடங்குவார். மாசு குறையும், ஏழைகளுக்கு நல்லது, ஆனால் அரசுக்குச் செலவு என்று மூன்று பத்தி எழுதி, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று முடிப்பார். பிழை ஒன்றும் இருக்காது, சரக்கும் இருக்காது. அதே கேள்வியை வேலைக்கு ஹிஞ்சவடிக்குப் போய்வருகிற நீ யோசித்தால் வேறு மாதிரி போகும். காரில் போகிறவர் பஸ் ஏறாததற்குக் காரணம் டிக்கெட் விலையா, பஸ் நேரத்துக்கு வராததா? விலைதான் காரணம் என்றால் இலவசம் பலன் தரும். வராததுதான் காரணம் என்றால், இலவசத்துக்குச் செலவாகும் பணத்தில் நம் ஊர் பஸ் கழகமான பி.எம்.பி.எம்.எல். இன்னும் பஸ் வாங்கி ஓட்டுவதே மேல். சம்பளக்காரர் விலையைப் பார்த்துக் காரை எடுப்பதில்லை, ஆகவே இலவசம் வேண்டாம், பஸ் வேண்டும். இதில் கடினமான ஒரு சொல் கிடையாது. ஆனால் ஒரு நிலைப்பாடு இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, எதிர்த்தரப்புக்குப் பதிலும் இருக்கிறது. 7 என்பது இதற்குத்தான். இது ஆங்கிலப் பயிற்சியைவிட யோசனைப் பயிற்சி. யோசித்ததைக் காகிதத்தில் இறக்கும் பயிற்சி.

இங்கேதான் நான் பழைய பல்லவிக்கு வருகிறேன் என்று நீ நினைப்பாய். வருகிறேன்தான். உனக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, சிநேகிதிகளோடு இந்தி, பள்ளியிலும் ஆபீஸிலும் ஆங்கிலம். நாலு மொழியில் வாய் ஓடுகிறது, ஒன்றிலும் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதிப் பழக்கமில்லை. உன் மூன்றாம் வகுப்பில் தமிழை நிறுத்தியபோது நான் என்ன சொன்னேன் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும், அதை இப்போது கிளற வேண்டாம். ஆனால் நான் சொன்னது வெறும் மொழிப்பற்று அல்ல. நீ போகத் துடிக்கும் அந்தக் கனடாவிலேயே, டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஜிம் கம்மின்ஸ் எழுபதுகளின் கடைசியிலிருந்து சொல்லி வந்தது அதுதான். பேச்சுக்கு வேண்டிய மொழி வேறு, படிப்புக்கும் வாதத்துக்கும் வேண்டிய மொழி வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். குடியேறிய குழந்தைகளுக்கு முதலாவது ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது, இரண்டாவதற்கு ஐந்திலிருந்து ஏழு வருடம்கூட ஆகிறது. தாய்மொழியில் வாதம் கட்டக் கற்றவருக்கு அந்தத் திறன் அடுத்த மொழிக்கும் கூடவே வருகிறது என்பது அவருடைய முக்கியமான கருத்து. உனக்கு ஐந்து வருடம் வேண்டியதில்லை. நீ அடியிலிருந்து தொடங்கவில்லை, குறைவது அரை பேண்டுதான். அதற்கு ஆறு மாதம் கேட்கிறேன்.

வயது ஏறுகிறதே என்பாய். நியாயமான கேள்வி. 29 வயது வரை 110 புள்ளி, முப்பதானால் 105. வருகிற சித்திரையில் உனக்கு முப்பது. காத்திருந்தால் போவது 5, அவசரப்பட்டு 6.5 வாங்கினால் போவது 45. கதவு மூடிக்கொண்டு வருகிறதே என்பது உன் அடுத்த கேள்வி. மூடித்தான் வருகிறது. ஒரு காலத்தில் வருடத்துக்கு 5 லட்சம் பேர் என்று பேசிய கனடா, 2024 அக்டோபரில் அடுத்த வருட இலக்கை 3,95,000 என்று குறைத்தது. கதவு குறுகும்போது முதலில் வெளியே நிற்பது குறைந்த புள்ளிக்காரர்கள்தான். இப்போதைய வயதை வைத்து உன் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எழுத்தில் 6.5 என்றால் 384, எழுத்தில் 7 என்றால் 429. எல்லோருக்குமாக 2024 ஏப்ரலில் நடந்த சுற்று ஒன்றில் கட் ஆஃப் 529. வேலைக் கடிதத்துக்குக் கொடுத்து வந்த புள்ளியையும் 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆக 429-ம் தனியாகக் கரை சேர்க்காது. ஏதாவது ஒரு மாகாணம் உன்னைத் தேர்ந்தெடுத்து 600 புள்ளி தர வேண்டும், இல்லையென்றால் நீ பிரெஞ்சு படிக்க வேண்டும். 2025 மார்ச்சில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கான சுற்று ஒன்றில் 379-க்கே அழைப்பு வந்தது. பிரெஞ்சுத் தேர்விலும் எழுத்துத் தாள் உண்டு என்பதை மறக்காதே. எந்த வழியாகப் போனாலும் எழுத்து குறுக்கே நிற்கிறது. அடுத்த மாதமே பரீட்சை எழுதுவதால் இந்த நிலைமையில் ஒன்றும் மாறாது. ஐஇஎல்டிஎஸ் மார்க்குக்கு ஆயுள் இரண்டு வருடம்தான். சீக்கிரம் எழுதினால் அந்தக் கடிகாரமும் சீக்கிரம் ஓட ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

ஆபீஸில் நாள் முழுக்க ஆங்கிலம்தானே என்கிறாய். அதனால்தான் கேட்டலில் 8 வந்திருக்கிறது. காலை மீட்டிங்கில் பேசுவதும் சாட்டில் இரண்டு வரி தட்டுவதும் எழுத்தில் சேராது. கடிதமா என்று சிரிக்கிறாய், ஆனால் குடியேறப் போகிறவர்கள் எழுதும் ஜெனரல் டிரெய்னிங் தாளில் டாஸ்க் 1-ல் கேட்பதே கடிதம்தான். இருபது நிமிடத்தில் 150 சொல். வீட்டுக்காரருக்கு ஒரு தொனி, மேலதிகாரிக்கு ஒரு தொனி, சிநேகிதிக்கு ஒரு தொனி. பி.டி.இ. கோர் என்ற தேர்வை எழுதலாமே, கம்ப்யூட்டர் திருத்துகிறது, சுலபம் என்று உன் டீமில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறாய். 2024 ஜனவரியிலிருந்து கனடா அதையும் ஏற்கிறது. தாராளமாக எழுது. தட்டச்சு வேகமும் மைக்கில் தடுமாறாமல் பேசும் பழக்கமும் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அங்கேயும் எழுத்துக்குத் தனி மார்க் உண்டு, அதுவும் தனியாகத்தான் சி.எல்.பி. ஆகிறது. தேர்வை மாற்றினால் எழுதும் கை மாறிவிடாது. டெம்ப்ளேட்டை வைத்தே ஒருவர் 7 வாங்கினார் என்பதும் உண்மையாக இருக்கலாம். அவருக்கு ஏற்கெனவே எழுத வந்திருக்கும், பெயர் டெம்ப்ளேட்டுக்குப் போயிருக்கும்.

'பேண்ட் கியாரண்டி' என்று போர்டு வைக்கும் இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2022-ல் கனடாவிலிருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழையப் பார்த்த குஜராத் இளைஞர்கள் சிலர் பிடிபட்டார்கள். அங்கே நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்ல வரவில்லை, மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். கையிலோ 6.5, 7 என்று ஐஇஎல்டிஎஸ் மார்க். மெஹ்சாணா போலீஸ் விசாரணையில் இறங்கியது. அதற்கு முன்பு, 2014-ல், பிரிட்டனில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடந்ததை பிபிசி வெளியே கொண்டுவந்தது. அரசாங்கம் ஆயிரக்கணக்கானவர்களின் விசாவை ரத்து செய்தது. குற்றமே செய்யாத மாணவர்களும் அதில் மாட்டிக்கொண்டு, பெயரைத் துடைக்க வருடக்கணக்காக வழக்காடினார்கள். நீ அப்படிப்பட்ட வேலையில் இறங்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் கியாரண்டி கொடுக்கிறவர் உன் பெயரில் என்ன செய்வார் என்பது உனக்குத் தெரியாது. முழுவதும் மனப்பாடம் செய்து எழுதியதுதான் என்று நிரூபணமானால் அந்த விடைக்குச் சுழியம் என்பதும் ஐஇஎல்டிஎஸ்காரர்கள் வெளியிட்ட விதியிலேயே இருக்கிறது.

ஆறு மாதத்தில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் மூன்று மாதம் பரீட்சையை மறந்துவிடு. தினம் ஒரு தலையங்கத்தைப் படி, அதில் சொன்னதை மறுத்து ஒரு பக்கம் எழுது. ஒரு நாள் ஆங்கிலத்தில், மறுநாள் தமிழில். தமிழ் எழுத்து கூடிவராவிட்டால் மராத்தியில் எழுது, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கையால் எழுது, அடித்துத் திருத்து. மறுநாள் காலையில் படித்தால் எந்த வாக்கியம் எதையும் சொல்லவில்லை என்று உனக்கே தெரியும். அடுத்த இரண்டு மாதம் மணி வைத்து எழுது. கடிதத்துக்கு இருபது நிமிடம், கட்டுரைக்கு நாற்பது. கட்டுரைக்குக் கடிதத்தைப் போல இரண்டு மடங்கு மதிப்பு, ஆகவே கடிதத்திலேயே அரை மணி போக்கிவிடாதே. கடைசி மாதம் கம்ப்யூட்டரில் முழுத் தேர்வு, வாரம் ஒன்று. பழைய கேம்பிரிட்ஜ் புத்தகங்கள் அப்பா பல்வந்த் சௌக்கில் பாதி விலைக்குக் கிடைக்கும். எழுதியதைத் திருத்த ஆள் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன்.

ஆறு மாதம் என்று நான் சொல்வது உன்னை இங்கேயே பிடித்து வைக்கத்தான் என்று உன் அம்மாவிடம் சொன்னாயாமே. கணக்கைத்தான் சொன்னேன். அந்த ஆறு மாதத்தில் அவள் முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிடும் என்பதும், ஆறு மாதத்தில் மனிதர்களுக்கு மனம் மாறுவதுண்டு என்பதும் வேறு விஷயம், அதை நான் இதில் சேர்க்கவில்லை. போவதா இருப்பதா என்பது முழுக்க முழுக்க உன் இஷ்டம். போனால் நல்ல மார்க்கோடு, யாருக்கும் கடன்படாமல், தலைநிமிர்ந்து போ.

நிறைய எழுதிவிட்டேன், கொஞ்சம் கடுமையாகவும் எழுதிவிட்டேன் போலிருக்கிறது. பெரியம்மா படித்துவிட்டு, குழந்தையை ஏன் இப்படி மிரட்டுகிறீர்கள் என்கிறாள். உன் தலைமுறையில் நம் குடும்பத்தில் உன் அளவுக்குக் கெட்டிக்காரி யாரும் இல்லை. மற்ற மூன்றிலும் வந்த மார்க் எனக்கு எவ்வளவு பெருமை என்று முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். உனக்குத் தோன்றினால் அடுத்த மாதமே எழுது, ஒன்றும் முழுகிப்போகாது. பரீட்சைப் பணம் நான் கட்டுகிறேன், மறுபடி எழுத நேர்ந்தாலும் நானே கட்டுகிறேன், உன் அப்பாவிடம் கேட்காதே. அந்தக் கிளாஸிலும் சேர்ந்துகொள், ஆனால் அவர்கள் கொடுக்கும் முதல் வரியை மட்டும் எழுதாதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. பெரியம்மா வத்தக்குழம்பு வைக்கிறாளாம். வரும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா, எந்த மொழியில் இருந்தாலும் சரி.

என்றும் உன் நலம் நாடும்,
பெரியப்பா