காரணம் சொல்லாமல் விழும் கர்னல்



காரணம் எதுவும் சொல்லாமல் அவ்வப்போது நின்றுபோகிற உங்கள் லினக்ஸ் சர்வரைப் பற்றி எழுதி, பேனிக் செய்தியின் தலைமாட்டில் நின்ற ஃபங்ஷனையே குற்றவாளி என்று தீர்மானித்துவிட்டதாகவும் தெரிவித்திருந்தாய். அந்தத் தீர்மானம் எனக்குச் சம்மதமில்லை. விடுவித்துவிட்ட மெமரியில் ஏதோவொரு டிரைவர் பிற்பாடும் எழுதிவைக்க, அதே இடத்தை அடுத்துப் பெற்ற நிரபராதியான ஃபைல் சிஸ்டம் வெகுநேரம் கழித்து அதனால் மடிவது இத்துறையில் சர்வசாதாரணம். பந்தியில் மயங்கி விழுந்தவனையா விஷமிட்டவன் என்று பிடித்துக்கொண்டு போவாய்?

குற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தைக் குறுக்குவதற்கென்றே கர்னலின் டீபக் ஆப்ஷன்கள் ஏற்பட்டிருக்கின்றன. 2015-இல் லினக்ஸ் 4.0-உடன் வந்த கேசான், மெமரியின் எட்டு பைட்டுக்கு ஒரு நிழல் பைட் என்று கணக்கு வைத்துக்கொண்டு, தொடலாகாததை ஒருவன் தொட்ட அக்ஷணமே, தொட்டவன் யார், அதை முன்பு பெற்றவன் யார், விடுவித்தவன் யார் என்ற மூன்று சுவடுகளையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பாரத்தை உங்கள் சர்வர் தாங்காதென்றால், ஸ்லப் டீபக்கையாவது பூட் வரியில் சேர். விடுவித்த மெமரியை அது 6பி என்ற பைட்டால் நிரப்பிவிடுவதால், விழுந்த வேளையில் ரெஜிஸ்டரில் 6பி வரிசையாக நின்றால், செத்த பாயின்டர் ஒன்றைக் கர்னல் பின்தொடர்ந்தது ஏறக்குறைய பிரத்தியட்சமாகிவிடும்.

லாக்குகளின்மேல் சந்தேகமிருந்தால், 2006 முதல் கர்னலிலேயே இருக்கும் லாக்டெப், உண்மையில் டெட்லாக் நேராதபோதும், லாக் பிடிக்கும் வரிசையிலுள்ள முரணை மட்டும் கண்டே எச்சரிக்கும். ஆனால் ஒருமுறை எச்சரித்தபின் அது தானாகவே ஓய்ந்துவிடும் என்பதை மறவாதே. இந்த ஆப்ஷன்களால் கர்னலின் வேகமும் கால ஒழுங்கும் மாறி, வீழ்ச்சியே மறைந்துபோவதும் உண்டு. சலித்துக்கொள்ளாதே, இரண்டு திரெட்கள் ஒன்றையொன்று முந்தும் போட்டியைச் சந்தேகிக்க அதுவே போதும். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு, சம்பந்தமேயில்லாத இடத்தில் விழுகிறதென்றால், கர்னலை விட்டுவிட்டு ரேமையே சோதிக்கும் மெம்டெஸ்டை ஓர் இரவு முழுதும் ஓடவிடு.

இவை யாவற்றுக்கும் முன்பாக, விழும் வேளையில் மெமரியைப் படியெடுத்து டம்ப்பாகச் சேமிக்கும் கேடம்ப்பை ஏற்பாடு செய்து கிராஷ் கர்னலுக்கு மெமரியை ஒதுக்கிவை. அந்த பில்டுக்கே உரிய, டீபக் தகவலோடு கூடிய விஎம்லினக்ஸ் என்ற கர்னல் ஃபைலையும் பத்திரப்படுத்து. அது இல்லாத டம்ப் வெறும் எண்களின் குவியல்தான்.

அடுத்த கடிதத்தில், கர்னல் தரும் ஊப்ஸ் என்ற பிழைச் செய்திகளில் கடைசி ஊப்ஸை அல்ல, முதல் ஊப்ஸை, டெயின்ட் எழுத்துகளோடு முழுமையாக எழுதியனுப்பு. அவற்றில் வெளி மாட்யூல் ஒன்று ஏற்றப்பட்டதைக் குறிக்கும் ‘ஓ’ தென்பட்டால், எனக்கு எழுதுமுன் அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்.