சமையலறைப் புறக்கால்வாயில் அடைப்பு: நீக்கமும் தடுப்பும்

அங்கணத்துத் தூம்பிலிருந்து வெளிப்படும் கழிவுநீர், வீட்டின் புறத்தேயுள்ள சிறு கால்வாய் வழியாகச் செல்கிறது. அதில் அடைப்பு நேர்ந்தால், சோற்றுப் பருக்கை அடைத்துக்கொண்டது என்று வீட்டார் கூறுவது வழக்கம். பருக்கையும் காய்கறித் தோலும் அடைப்பில் உள்ளன என்பது மெய்யே. ஆயினும் அவற்றை ஒன்றாகப் பிணைத்துக் கால்வாயில் ஒட்டவைப்பது கொழுப்பு; கனமேற்றி அடியில் படியச் செய்வன, பாத்திரம் துலக்கிய சாம்பலும் மணலும் ஆகும்.

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைகிறது. நெய்யும் வனஸ்பதியும் அதனினும் உயர்ந்த வெப்பநிலையிலேயே இறுகத் தொடங்கும். கங்கைச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடைப்பு மிகுவதற்கு இது ஒரு காரணம். கடுகெண்ணெய் அவ்வாறு உறைவதில்லையே எனலாம். ஆனால், கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்புடன் சேர்ந்து, நீரில் கரையாத வெண்மையான பிசுக்கை உண்டாக்குகிறது. எண்ணெய்ப் பசை அதில் பற்றிக்கொள்கிறது. ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே காட்டலாம். ஒரு புட்டியில் மழைநீரும், மற்றொன்றில் உவர்க் கிணற்று நீரும் எடுத்து, ஒரே அளவு சோப்புச் சீவலை இட்டுக் குலுக்கினால், முன்னதில் நுரையும் பின்னதில் திரிதிரியான படிவும் தோன்றும்.

அடைப்பை நீக்கத் தொடங்கவேண்டிய இடம் கால்வாயின் கீழ்முனை. மேலிருந்து கோலால் இடித்தால் அடைப்பு மேலும் இறுகும். கீழிருந்து மூங்கில் பிளாச்சைச் செலுத்தி, சிறிது சிறிதாக வெளியே இழுத்தால், தேங்கிய நீரே எஞ்சியதைத் தள்ளிக்கொண்டு வரும். பின்னர், பக்கங்களில் ஒட்டிய பசையைச் சுரண்டி எடுத்தல் வேண்டும். இதை விட்டுவிட்டால் ஒரு மாதத்துக்குள் அடைப்பு மீளும். எடுத்த சேற்றைக் கரையில் குவிக்காமல் எருக்குழியில் இட்டு மண்ணால் மூடுக.

கொதிநீர் ஊற்றுவது பலருக்கும் விருப்பமான முறை. கொழுப்பு உருகும், சில கஜ தூரம் சென்று ஆறியதும் மீண்டும் உறையும். அடைப்பை அண்டை வீட்டு வாயிலுக்கு அனுப்பிவைப்பதற்கு மேல் இதில் பயன் அதிகமில்லை. எரிசோடா கொழுப்பைக் கரைக்கக்கூடியதே. எனினும் அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். அலுமினியப் பாத்திரத்தில் கரைத்தால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் கலந்தால் நச்சு வாயுவாகிய குளோரின் எழும். திறந்த கால்வாய்க்கு இவை எதுவும் தேவையில்லை என்பதைக் களப்பணியாளர் வற்புறுத்திக் கூறவேண்டும்.

தேங்கிய கழிவுநீரால் வரும் கேடு நாற்றத்தோடு நிற்பதில்லை. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, இத்தகைய அழுக்கு நீரையே நாடி முட்டையிடும். வெப்பமான பருவத்தில் முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் போதும். எனவே, வாரம் ஒருமுறை கால்வாயைத் துப்புரவு செய்து நீரை ஓடவிட்டால் அந்த வளர்ச்சி இடையிலேயே அறுபடும். யானைக்கால் நோயைக் கட்டுப்படுத்த நாட்டில் 1955ஆம் ஆண்டிலேயே தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. வீட்டுக் கால்வாய் தேங்கிக் கிடக்கும் தெருவில் எந்தத் திட்டத்துக்கும் வேலை இரட்டிப்பாகும்.

தடுப்பு முறைகளுள் முதன்மையானது செலவற்றது: எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் பழந்தாளாலோ தவிட்டாலோ துடைத்தல். தூம்பு வாயில் சல்லடைத் தகடு இருக்கட்டும். அடுத்து, சுவரை ஒட்டி ஒரு சிறு தொட்டி கட்டி, வெளிக்குழாயின் உள்முனையைக் கீழ்நோக்கி வளைத்து நீரினுள் அமிழ்ந்திருக்குமாறு அமைக்கலாம். கொழுப்பு மேலே மிதந்தும் மணல் கீழே படிந்தும் தங்க, இடைநீர் மட்டும் வெளியேறும். மூடி இடைவெளியின்றிப் பொருந்தவேண்டும். இன்றேல் தொட்டியே கொசுப் பண்ணையாகிவிடும்.

சரிவையும் கவனிக்க. 3 மீட்டர் நீளத்துக்கு 5 சென்டிமீட்டர் இறக்கம் நன்று. கொத்தனாரின் மட்டக்குழாயைக் கொண்டு இதை எளிதில் அளக்கலாம். கால்வாயின் முடிவில் மணற்பாங்கான நிலமாயின் உறிஞ்சுகுழி ஏற்றது. அது கிணற்றுக்குத் தொலைவில் அமையவேண்டும். கரிசல் மண் நீரை விரைந்து உறிஞ்சாது. அங்கே குழி தோண்டுவதை விட்டு, நீரை வாழைக்கோ கீரைப்பாத்திக்கோ திருப்புவதே தக்கது.